மறுமுறை விண்ணப்பமும் மாறாத கட்டுரையும்

கல்வி: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் மருத்துவம் பயில விண்ணப்பித்து, முதல் முறை இடம் கிடைக்காமல், மீண்டும் முயல்வோரும் அவர்களுடைய வீட்டுப் பெரியவர்களும் அண்மையில் இந்தப் பகுதிக்கு எழுதிய கடிதங்களில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்குமே செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவை. விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ‘பெர்சனல் ஸ்டேட்மென்ட்’ என்னும் தன்விளக்கக் கட்டுரையை எப்படித் திருத்துவது என்பதே பெரும்பாலும் இவற்றின் கேள்வி.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் 12-ஆம் வகுப்பு முடித்த நான், 2025-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்காக யூகாஸ் என்னும் பொது விண்ணப்ப அமைப்பின் வழியாகப் பிரிட்டனின் நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். மூன்று கல்லூரிகள் நேர்முகத்துக்கே அழைக்கவில்லை. அழைத்த ஒன்றும் இடம் தரவில்லை. ஐந்தாவது விருப்பமாகக் கொடுத்திருந்த உயிர்மருத்துவ அறிவியலில் சேர மனமில்லாமல், 2026-ஆம் ஆண்டுக்கு மறுபடியும் விண்ணப்பிக்க முடிவு செய்து ஊரிலேயே இருக்கிறேன். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, மாரடைப்பில் இறந்ததில் என் பழைய கட்டுரை தொடங்கும். பிறகு சென்னையில் ஒரு மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்ததைப் பற்றி, “திறந்த இதய அறுவைச் சிகிச்சையைக் காணும் அரிய வாய்ப்பு கிடைத்தது, மருத்துவர்களின் அர்ப்பணிப்பு என்னை நெகிழச் செய்தது, இரக்கமும் குழுப்பணியும் எவ்வளவு முக்கியம் என்பதை உணர்ந்தேன்” என்ற பொருளில் எழுதியிருந்தேன். பள்ளி மாணவர் தலைவராக இருந்தது, பரதநாட்டியம், சேவை மனப்பான்மை ஆகியவை அடுத்து வரும். இந்த ஆண்டு, உரிய அனுமதி பெற்று, வாரம் ஒரு நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலருடனும் செவிலியருடனும் போய் வருகிறேன். ஒரு பெரிய வீட்டில் தனியாக இருக்கும் மூதாட்டிக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தும் மூன்று மாதச் சர்க்கரை அளவு உயர்ந்தே இருந்தது. முந்தின இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று செவிலியர் கேட்ட பிறகுதான், அவர் இரவில் சாப்பிடுவதே இல்லை என்பதும், அதனால் ‘இரவு உணவுக்குப் பின்’ என்று கொடுத்த மாத்திரையையும் எடுப்பதில்லை என்பதும் தெரிந்தன. ஆனால் இதெல்லாம் சாதாரண விஷயம்தானே? அறுவைச் சிகிச்சை பார்த்ததற்கு முன் இது எடுபடுமா? பழைய கட்டுரையின் ஆங்கிலத்தை மெருகேற்றினால் போதுமா, முழுவதும் மாற்ற வேண்டுமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: முழுவதும் மாற்ற வேண்டும். ஆனால் கட்டுரையில் கை வைப்பதற்கு முன்னால், சென்ற ஆண்டு உங்களுக்கு இடம் கிடைக்காமல் போனதற்குக் கட்டுரைதான் காரணமா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் பல மருத்துவக் கல்லூரிகள் நேர்முகத்துக்கு அழைப்போரைத் பள்ளித் தேர்வு மதிப்பெண்களையும், யூகேட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் கொண்டே தெரிவு செய்கின்றன; அவற்றில் சில, தன்விளக்கக் கட்டுரைக்கு மதிப்பெண் இடுவதே இல்லை. ஆகவே அழைக்காத மூன்று கல்லூரிகளைப் பொறுத்தவரை, அந்த ஆண்டில் அவை எந்த யூகேட் மதிப்பெண்ணுக்கு மேல் அழைத்தன என்று அவற்றின் இணையதளங்களில் பாருங்கள். வெளியிடவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். உங்கள் மதிப்பெண் அதற்குக் கீழே இருந்திருந்தால், எவ்வளவு நல்ல கட்டுரையும் உங்களை அந்த வாசலைத் தாண்டி அழைத்துச் சென்றிருக்காது. இந்த ஆண்டில் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி யூகேட்டுக்கே போக வேண்டும். யூகேட் மதிப்பெண் அந்தந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும் என்பதால் நீங்கள் எப்படியும் மறுபடி எழுதியாக வேண்டும். ஓர் ஆண்டில் ஒரு முறைதான் எழுத முடியும். 2025 முதல், வடிவங்களுக்கு இடையிலான ஒழுங்கைக் கண்டறியும் பகுதி நீக்கப்பட்டு, மொத்த மதிப்பெண் 3,600-லிருந்து 2,700-ஆகக் குறைந்திருக்கிறது. சென்ற ஆண்டின் எண்ணை இந்த ஆண்டின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டு மனம் கலங்க வேண்டாம். மறுமுறை விண்ணப்பிப்போருக்குத் தனி விதி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. நான்கு கல்லூரிகளைத் தெரிவு செய்யும்போது அந்த விதிகளையும் படித்துவிடுங்கள்.

அழைத்த அந்த ஒரு கல்லூரியின் நிலை வேறு. அங்கே உங்கள் மதிப்பெண்கள் போதுமானவையாக இருந்திருக்கின்றன; நேர்முகத்தில் நீங்கள் சொன்னவையோ, சொல்லாமல் விட்டவையோதான் குறைந்திருக்கின்றன. “ஒரு வாரத்தில் என்ன பார்த்தீர்கள், அதில் உங்களுக்குப் புரியாதது என்ன?” என்று நேர்முகத்தில் கேட்டால், உங்கள் பழைய கட்டுரையின் அந்த மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு நீங்கள் எவ்வளவு நேரம் பேச முடியும் என்று எண்ணிப் பாருங்கள். கட்டுரைக்கு மதிப்பெண் இடாத கல்லூரியிலும், அதை எழுதுவதற்காக நீங்கள் செய்யும் சிந்தனை நேர்முகத்தில் உங்களுக்குத் துணை நிற்கும். நான் கட்டுரைத் திருத்தத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு அதுவே முதன்மைக் காரணம்.

மெருகேற்றுவது போதாது என்பதற்கு வெளிப்படையான காரணம் ஒன்றும் உண்டு. 2026-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து யூகாஸ் கட்டுரையின் வடிவமே மாறிவிட்டது. முன்பு ஒரே கட்டுரையாக இருந்தது; இப்போது மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியாக விடை எழுத வேண்டும். இந்தப் படிப்பை ஏன் பயில விரும்புகிறீர்கள் என்பது முதல் கேள்வி. உங்கள் கல்வி இதற்கு உங்களை எப்படித் தயார் செய்தது என்பது இரண்டாவது. கல்விக்கு வெளியே தயாராவதற்காக வேறு என்ன செய்தீர்கள், அந்த அனுபவங்கள் ஏன் பயனுள்ளவை என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. பழைய கட்டுரையை மூன்றாக நறுக்கி இந்தப் பெட்டிகளில் போட்டால், முதல் பெட்டியில் ஐயாவும், மூன்றாம் பெட்டியில் அறுவைச் சிகிச்சையும் மாணவர் தலைவர் பதவியும் போய் உட்கார்ந்துவிடும். இரண்டாம் பெட்டியில் போடுவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது. பழைய கட்டுரையில் படிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததை அந்த வெற்றிடம் காட்டிக்கொடுக்கும்.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு தாளில் இந்த ஓராண்டின் கணக்கை எழுதுங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் நம் ஊரார் கடை வைத்திருந்த காலத்தில், வரவு, செலவு, வரவேண்டியது, கொடுக்க வேண்டியது எல்லாவற்றையும் கூட்டி ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்பினார்களே, அதைப் போல அலங்காரம் இல்லாமல் எழுதுங்கள். சென்ற அக்டோபரில் தெரியாத எது இன்று உங்களுக்குத் தெரியும்? எந்த எண்ணம் மாறியது? எதைப் பார்த்தபோது மருத்துவம் வேண்டாமோ என்று ஒரு கணமாவது தோன்றியது? அப்படித் தோன்றிய பிறகும் ஏன் விட மனம் வரவில்லை? இந்தக் கணக்கில் வருவதைத்தான் புதிய கட்டுரைக்குப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய கட்டுரையை அதற்குப் பிறகு எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும், உங்களுடன் விண்ணப்பித்த இன்னொரு மாணவி அதை அப்படியே எழுதியிருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அந்த வாக்கியம் உங்களுடையது அல்ல.

ஐயாவின் மறைவைப் பற்றிச் சொல்கிறேன். அந்த இழப்பு உண்மையானது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மருத்துவப் படிப்புக்கு வரும் கட்டுரைகளில் தாத்தா பாட்டியின் நோயில் தொடங்குபவை மிகப் பல, அவற்றில் பெரும்பாலானவை நோயைப் பற்றிச் சொல்லிவிட்டு, எழுதியவர் அதிலிருந்து எதைத் தேடிப் போனார் என்பதைச் சொல்லாமல் நின்றுவிடுகின்றன. ஐயா மாரடைப்பில் இறந்தார், ஆகவே மருத்துவராக விரும்புகிறேன் என்ற இரண்டுக்கும் இடையில் பல படிகள் இருக்கின்றன. மாரடைப்பு ஏன் வருகிறது என்று படித்தீர்களா? சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் இருந்தால் இதயத்துக்கு என்ன ஆகும் என்பது இந்த ஆண்டு வீடுகளுக்குப் போகும்போது உங்களுக்குப் புரிந்ததா? புரிந்திருந்தால், ஐயாவை ஒரு வாக்கியத்தில் நிறுத்தி, மீதி இடத்தை அந்தப் புரிதலுக்குக் கொடுங்கள். புரியவில்லை என்றால் அவரைக் கட்டுரைக்குள் கொண்டுவராமல் இருப்பதே அவருக்கும் மரியாதை.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். வீடு வீடாகப் போனது, அறுவைச் சிகிச்சை பார்த்ததற்கு முன் எடுபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உறுதியாகச் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் அந்த மூதாட்டியைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வாக்கியங்கள், பழைய கட்டுரை முழுவதையும்விட வலிமையானவை. அறுவை அரங்கில் நீங்கள் ஓரமாக நின்று பார்த்தீர்கள். அங்கே நடந்ததில் உங்களுக்குப் புரிந்தது கொஞ்சம், உங்களால் கேள்வி கேட்க முடிந்தது அதைவிடக் கொஞ்சம். அந்த வீட்டிலோ, எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஒரு சிக்கலைக் கண்டீர்கள்; செவிலியர் மாத்திரையைப் பற்றிக் கேட்காமல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதைக் கவனித்தீர்கள்; விடை மருந்துச் சீட்டில் இல்லை, அவர் வாழும் முறையில் இருந்தது என்பதைக் கண்டீர்கள். மருத்துவர் அன்றாடம் செய்ய வேண்டிய வேலையே அதுதான். ஒரு வாரப் பார்வை என்பது ஏற்பாடு செய்துகொடுக்க ஆள் இருக்கும் எவருக்கும் கிடைக்கும். வாரந்தோறும் அதே தெருக்களுக்கு மறுபடி மறுபடி போவதற்கு நீங்களாக ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும். சேர்க்கைக் குழுவினர் பார்க்க விரும்புவது அந்த முடிவை.

அதையே மூன்றாம் கேள்விக்கு விடையாக இவ்வாறு எழுதலாம், ஆங்கிலத்தில் உங்கள் சொற்களில் எழுதுங்கள், இது அமைப்பைக் காட்டுவதற்காக மட்டும்: “நான் வாரந்தோறும் சென்ற வீடுகளில் ஒன்றில், ஒரு முதியவரின் வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாகவும் மூன்று மாத அளவு உயர்ந்தும் இருந்தது. அவர் மாத்திரை எடுக்க மறக்கிறார் என்று நான் நினைத்தேன். செவிலியர் அவருடைய இரவு உணவைப் பற்றிக் கேட்டார். அவர் இரவில் உண்பதில்லை. உணவுக்குப் பின் எடுக்க வேண்டிய மாத்திரையை, உணவு இல்லாததால், அறிவுரைக்குக் கீழ்ப்படிந்தே விட்டுவந்திருக்கிறார். மறதி என்று நான் முடிவு கட்டியது எவ்வளவு விரைவானது என்பதை அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துக்கொண்டேன்.” இதில் இரக்கம் என்ற சொல்லும் இல்லை, குழுப்பணி என்ற சொல்லும் இல்லை, இரண்டும் இருக்கின்றன. உங்கள் மனத்தில் அன்று தோன்றியது வேறாக இருந்தால் அதையே எழுதுங்கள். நான் எழுதிக் காட்டிய எண்ணத்தைக் கடன் வாங்காதீர்கள்.

இதே நிகழ்வு இரண்டாம் கேள்வியின் வெற்றிடத்தையும் நிரப்பும். எச்பிஏ1சி என்னும் அந்த மூன்று மாதப் பரிசோதனை எதை அளக்கிறது? இரத்தத்திலுள்ள குளுக்கோஸ், சிவப்பணுவின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. ஆகவே எவ்வளவு ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடுகிறது. ஹீமோகுளோபின் நான்கு துணையலகுகள் கொண்ட புரதம் என்பதையும் சிவப்பணுவின் ஆயுளையும் நீங்கள் 11-ஆம் வகுப்பு உயிரியலிலேயே படித்துவிட்டீர்கள். அன்று தேர்வுக்காக மனப்பாடம் செய்த இரண்டு செய்திகள், ஒரு வீட்டின் முற்றத்தில் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மனிதரைப் பற்றிய கேள்வியானது எப்படி என்று எழுதுங்கள். இரவில் உண்ணாதவருக்குக் காலை அளவு சரியாகவும் சராசரி உயர்ந்தும் இருப்பதற்கு வேறு என்ன காரணங்கள் இருக்கக்கூடும் என்று தேடிப் படித்தால், அதையும் ஒரு வாக்கியமாகச் சேர்க்கலாம். பரிசோதனையின் வரம்பு என்ன என்பதையும் படித்து வையுங்கள்: இரத்தச் சோகை உள்ளவர்களுக்கு இந்த எண் உண்மை நிலையைத் தவறாகக் காட்டக்கூடும். நேர்முகத்தில் இதைப் பற்றிக் கேட்கப்பட்டால் நீங்கள் மகிழ்ச்சியோடு பேச முடியும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கையும் உண்டு. நம் ஊர்கள் சிறியவை. பெரிய வீடுகள் எல்லாருக்கும் தெரிந்தவை. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இன்ன தெருவில் தனியாக வாழும் இத்தனை வயது ஆச்சி, பிள்ளைகள் சிங்கப்பூரில் என்று எழுதிவிட்டால், பெயரை விட்டாலும் ஆளைச் சொன்னதாகவே ஆகும். ஊரையும் நோயையும் ஒரே வாக்கியத்தில் எழுதாதீர்கள்; வயது, வீடு, பிள்ளைகள் இருக்கும் நாடு ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதாதீர்கள். இந்தக் கவனம் நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பதோடு, அதைக் காக்கத் தெரிந்தவர் நீங்கள் என்பதையும் படிப்பவருக்கு உணர்த்தும்.

மாணவர் தலைவர் பதவியையும் பரதநாட்டியத்தையும் என்ன செய்வது? பதவியை நீக்கிவிடுங்கள். நடனத்தை, பல ஆண்டு ஒரே ஆசிரியரிடம் திருத்தங்களை ஏற்றுக்கொண்டு பயின்றதைச் சொல்ல ஒரு வாக்கியத்துக்கு மேல் தேவையில்லை. ‘சேவை மனப்பான்மை’ என்ற தொடரை எங்கும் எழுத வேண்டாம். நம் வீடுகளில் தன்னைப் பற்றித் தானே பேசுவது நாகரிகம் அல்ல என்று சொல்லி வளர்க்கிறார்கள். அந்த வளர்ப்பு நல்லதே, ஆனால் அதனால் பல பிள்ளைகள் தாங்கள் செய்ததைச் சொல்லக் கூசி, அந்த இடத்தில் பெரிய பண்புப் பெயர்களை அடுக்கிவிடுகிறார்கள். செய்ததைச் செய்தபடி சொல்வது தற்புகழ்ச்சி அல்ல. மருத்துவம் பயில வருவோருக்கு வேண்டிய பண்புகள் என்று பிரிட்டனின் மருத்துவக் கல்லூரிகள் மன்றம் ஒரு பட்டியலை வெளியிட்டிருக்கிறது. அதைப் படியுங்கள், ஆனால் அதன் சொற்களைக் கட்டுரைக்குள் இறக்குமதி செய்யாதீர்கள்.

சென்ற ஆண்டு இடம் கிடைக்கவில்லை என்பதைக் கட்டுரையில் சொல்ல வேண்டிய தேவை இல்லை. நான்காயிரம் எழுத்துகளில் ஒன்றைக்கூட அதற்குச் செலவிட வேண்டாம். பள்ளி முடிந்த பிறகான ஓராண்டில் என்ன செய்தீர்கள் என்பது மட்டும் மூன்றாம் விடையில் தெளிவாக இருக்கட்டும். ஐந்தாவது விருப்பமான வேறு படிப்புக்கும் இதே கட்டுரைதான் செல்லும் என்பதற்காக அதை இரண்டுக்கும் பொதுவாக நீர்க்கச் செய்துவிடவும் வேண்டாம்.

கேள்வி: அம்மையீர், வணக்கம். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த என் மகள் வயிற்றுப் பேரன், பட்டம் முடித்துச் சென்ற ஆண்டு அங்கே மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து இடம் பெறவில்லை. எம்கேட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைவு என்று சொன்னார்கள். மறுபடி எழுதி நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறான். அவனுடைய கட்டுரையைப் பேராசிரியர்கள் எல்லாரும் பாராட்டியதால் அதையே மீண்டும் அனுப்பலாம் என்கிறான். விடுமுறைக்கு எங்கள் ஊருக்கு வந்தபோது ஒரு மருத்துவ முகாமில் மருந்து கொடுத்து உதவியதையும், அங்கே கண்ட வறுமையால் மருத்துவராக முடிவு செய்ததையும் உருக்கமாக எழுதியிருக்கிறான். மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: மாற்ற வேண்டும், ஐயா. எம்கேட் மதிப்பெண் உயர்ந்தது நல்ல செய்தி. ஆனால் அதே கல்லூரிகளுக்கு மீண்டும் விண்ணப்பித்தால், அவர்கள் பழைய விண்ணப்பத்தை எடுத்துப் புதியதோடு வைத்துப் பார்க்க முடியும். எண் மட்டும் மாறி, சொல் ஒன்றும் மாறாமல் இருந்தால், இந்த ஓராண்டு அந்த இளைஞர் தேர்வுக்குப் படித்ததைத் தவிர வேறு எதையும் செய்யவில்லை, எதையும் புதிதாக எண்ணவில்லை என்றே அவர்கள் கொள்வார்கள். பல கல்லூரிகள், முதல் விண்ணப்பத்துக்குப் பிறகு அனுப்பும் தங்கள் தனிக் கேள்வித் தாளில், “முன்பு விண்ணப்பித்தீர்களா, அதன் பிறகு என்ன மாறியது?” என்று நேராகவே கேட்கின்றன. பிரிட்டனுக்குச் சொன்னதற்கு மாறாக, இங்கே தோல்வியை மறைக்காமல், குறை என்ன என்று அறிந்து என்ன செய்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். பொதுக் கட்டுரையில் அதைப் புலம்ப வேண்டாம்.

அமெரிக்கப் பொது விண்ணப்பமான ஆம்காஸில் கட்டுரைக்கு இடைவெளிகள் உட்பட 5,300 எழுத்துகள் உண்டு. இது தவிர, செய்த பணிகளை 15 வரை பட்டியலிடலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள், அவற்றில் மிக முக்கியமானவை என்று குறிக்கும் மூன்றுக்கு மேலும் 1,325 எழுத்துகள். மறுமுறை விண்ணப்பிப்போர் பலர் கட்டுரையை மட்டும் மாற்றிவிட்டு இந்தப் பட்டியலைப் பழையபடியே விட்டுவிடுகிறார்கள். பேரனை அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்: கடந்த ஓராண்டில் தொடர்ந்த பணிகளின் மணிநேரத்தைப் புதுப்பித்து, மூன்று முக்கியப் பணிகள் இன்றும் அவையேதானா என்று மறு தெரிவு செய்யட்டும். அவை மாறும்போது கட்டுரையின் நடுப்பகுதியும் தானாக மாறிவிடும்.

முகாமைப் பற்றி நான் மனத்தில் பட்டதைச் சொல்லியாக வேண்டும். விடுமுறைக்கு வந்த சில நாள்களில் கண்ட வறுமை ஒருவரை மருத்துவராக்கியது என்ற கதையை அங்குள்ள சேர்க்கைக் குழுவினர் நிறையப் படித்திருக்கிறார்கள். பட்டமோ பயிற்சியோ இல்லாத ஒருவர் மருந்து கொடுத்தார் என்பது அவர்களுக்கு நெகிழ்ச்சியைத் தராது, கவலையைத்தான் தரும். தன் எல்லையை அறிந்தவரா இவர் என்று கேட்பார்கள். அதைவிட எனக்கு வருத்தம் தருவது, தாயின் சொந்த ஊரைப் பேரன் வறுமையின் காட்சிப் பொருளாக மட்டும் எழுதியிருப்பது. செட்டிநாட்டில் மனிதர்கள் பள்ளியும் கல்லூரியும் கட்டியிருக்கிறார்கள். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. இந்த மண்ணை எழுதுவதானால், தன் குடும்பத்தோடும் அதன் மொழியோடும் அவருக்கு உள்ள உறவை எழுதட்டும்: அமெரிக்காவில் தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு முதியவருக்கு அவர் மருத்துவமனையில் மொழி உதவி செய்ததுண்டா? அங்கே ஏதேனும் மருத்துவ நிலையத்துக்கு அவர் வாரந்தோறும் செல்கிறார் என்றால், யாரைச் சந்திக்கிறார்? அவருடைய வாழ்க்கை நடக்கும் இடத்தில்தான் அவருடைய காரணமும் இருக்கும்.

ஆம்காஸ் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். மே மாத இறுதியிலிருந்து அனுப்பலாம். பல கல்லூரிகள் விண்ணப்பங்கள் வரவர நேர்முகத்துக்கு அழைத்துக்கொண்டே போகும் என்பதால் ஜூன் மாதத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது. அதற்கு மார்ச் மாதத்தில் எழுதத் தொடங்க வேண்டும்.

கேள்வி: நீட் தேர்வை மறுபடியும் எழுதும் மாணவரும் இப்படிப்பட்ட கட்டுரை எழுத வேண்டுமா?
— வாசகி, ராயவரம்

பதில்: வேண்டாம். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கை நீட் தரவரிசையும் கலந்தாய்வும் கொண்டு நடக்கிறது. கட்டுரைக்கு இடம் இல்லை. ஆனால் வெளிநாட்டில் பயின்றுவிட்டு இந்தியாவில் மருத்துவம் பார்க்க எண்ணும் இந்தியக் குடிமக்கள், போவதற்கு முன்பே நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். காரைக்குடி வாசகியும் இதைக் கவனிக்கவும். தேசிய மருத்துவ ஆணையம் 2021-இல் வெளியிட்ட வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான விதிகளையும் சேருவதற்கு முன் முழுமையாகப் படித்துவிடுங்கள்.

கேள்வி: மகளின் இரண்டாவது விண்ணப்பத்துக்குக் கட்டுரையை எழுதித் தருவதாக ஓர் ஆலோசனை நிறுவனம் பெருந்தொகை கேட்கிறது. மகளோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பழைய கட்டுரையைக் கொடுத்துத் திருத்தி வாங்கிவிடலாம் என்கிறாள். எது சரி? பிரிட்டனுக்குத்தான் விண்ணப்பிக்கிறோம்.
— வாசகர், கோட்டையூர்

பதில்: இரண்டும் சரியல்ல. யூகாஸ் எல்லாக் கட்டுரைகளையும் ஒப்புமை காணும் மென்பொருளில் இட்டுப் பார்க்கிறது. பிறர் கட்டுரையோடு ஒத்திருந்தால் கல்லூரிகளுக்குத் தெரிவிக்கிறது. ஒரே நிறுவனம் பலருக்கு எழுதித் தரும்போது அந்த ஒற்றுமை வராது என்பதற்கு யார் பொறுப்பு? செயலி எழுதிய கட்டுரையையோ அதன் பெரும்பகுதியையோ தன்னுடையதாகக் காட்டுவது ஏமாற்றாகக் கொள்ளப்படலாம் என்றும் யூகாஸ் சொல்லியிருக்கிறது. அமெரிக்க விண்ணப்பத்திலும், எண்ணங்களைத் திரட்டவும் பிழை பார்க்கவும் செயலியின் உதவியை ஏற்கிறார்கள். ஆனால் இறுதி வடிவம் தன் சொந்தப் படைப்பு என்று உறுதிமொழி கேட்கிறார்கள். விதிகள் ஒருபுறம் இருக்கட்டும். சென்ற ஆண்டில் மகள் என்ன பார்த்தாள் என்பது அந்த நிறுவனத்துக்கும் தெரியாது, செயலிக்கும் தெரியாது. தெரியாததை நிரப்ப இரண்டும் எல்லாருக்கும் பொருந்தும் வாக்கியங்களையே தரும். முதல் முறை அவளைக் கைவிட்டது அப்படிப்பட்ட வாக்கியங்களாகவே இருக்கக்கூடும்.

உதவி செய்ய வேண்டியவர் நீங்கள்தான். உங்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு வரும் என்பது இங்கே பொருட்டல்ல. மாலையில் உட்கார்ந்து, இந்த ஆண்டு போன இடங்களைப் பற்றி அவளைத் தமிழில் பேசச் சொல்லுங்கள், “அப்புறம் என்ன ஆனது? நீ என்ன நினைத்தாய்?” என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்லும்போது உங்களுக்கு ஆர்வம் வரும் இடங்களைக் குறித்துக் கொடுங்கள். எழுதி முடித்த பிறகு, அவளை அறிந்த ஆசிரியர் ஒருவரிடமும், அவளை அறியாத, மருத்துவத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடமும் காட்டுங்கள். முன்னவர் இது அவள்தானா என்று சொல்வார், பின்னவர் எங்கே புரியவில்லை என்று சொல்வார். பத்துப் பேரிடம் காட்டினால் பத்துத் திசையில் இழுத்து அவள் குரலே போய்விடும்.

பிரிட்டனில் மருத்துவத்துக்கு விண்ணப்பம் சென்று சேர வேண்டிய கடைசி நாள் அக்டோபர் 15, அந்நாட்டு நேரம் மாலை 6 மணி; நமக்கு இரவு 10.30. ஆசிரியரின் பரிந்துரையும் அதற்குள் இணைந்திருக்க வேண்டும். பரிந்துரை எழுதுபவரும் சென்ற ஆண்டுப் பிரதியையே மறுபடி அனுப்பிவிடாதபடி, மகள் இந்த ஆண்டு செய்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதி ஆகஸ்ட் மாத இறுதிக்குள் அவர் கையில் கொடுத்துவிடட்டும்.